போத்தலுக்குள் உருளைக்கிழங்கு: கனியுப்பையும் விற்றமினையும் சரியாகக் கொடுப்பது எப்படி? மலையகத்தில் இழைய வளர்ப்பைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

போத்தலுக்குள் வளரும் கிழங்குச் செடி வேரை நீட்டி வேறு இடத்தில் உணவு தேட முடியாது. நீங்கள் ஊற்றிய 20 மில்லிலீற்றர் ஊடகத்தில் (உப்பும் விற்றமினும் சீனியும் கலந்த உணவுக் கூழில்) என்ன இருக்கிறதோ, அதை வைத்துத்தான் அதன் கலங்கள் நான்கு வாரம் பிழைக்க வேண்டும். ஒரு உப்பை மாற்றி நிறுத்திருந்தால் அன்றைக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் ஐம்பது போத்தலும் ஒன்றாக மஞ்சளிக்கும்போதுதான் தெரியும். அதற்குள் சீனி, அகார் (ஊடகத்தை இறுக்கும் தூள்), காஸ், ஒரு மாத உழைப்பு எல்லாம் போயிருக்கும்.

இந்த வழிகாட்டி நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை பக்கம் சிறிய அறையொன்றில் கிழங்கு இழைய வளர்ப்பை (செடியின் சிறு துண்டைக் கிருமியற்ற போத்தலுக்குள் வளர்த்துப் பெருக்குவதை) தொடங்குபவர்களுக்கும், பாடசாலை அல்லது பல்கலைக்கழகச் செயற்றிட்டமாகச் செய்பவர்களுக்கும் எழுதப்படுகிறது. அடிப்படையாக எடுத்திருப்பது முரசிகே, ஸ்கூக் இருவரும் 1962 இல் வெளியிட்ட எம்.எஸ். ஊடகம்.

1. பொதியா, சொந்தக் கலவையா? முதலில் இதை முடிவெடுங்கள்

எம்.எஸ். ஊடகம் தயாரான தூளாகவும் கிடைக்கிறது. உப்பு மட்டும் உள்ளது லீற்றருக்கு ஏறத்தாழ 4.3 கிராம், விற்றமினும் சேர்ந்தது ஏறத்தாழ 4.4 கிராம். இரண்டின் பொதியும் ஒரே மாதிரி இருக்கும். விற்றமின் இல்லாததை வாங்கிவிட்டு, இருக்கிறது என்று நம்பி மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. பொதியில் எழுதியிருக்கும் அளவையும் சேர்மானப் பட்டியலையும் வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சொந்தமாகக் கலப்பது மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். அது எவ்வளவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அளவை வைத்துக் கணக்குப் பாருங்கள். பொற்றாசியம் நைத்திரேற்று 500 கிராம் 263 லீற்றருக்குக் காணும். அமோனியம் நைத்திரேற்று 500 கிராம் 303 லீற்றருக்கு. மயோ இனொசிற்றோல் 100 கிராம் 1,000 லீற்றருக்கு. கோபால்ற்று குளோரைட்டு 25 கிராம் வாங்கினால் பத்து இலட்சம் லீற்றருக்கு வரும். உங்கள் பேரப்பிள்ளைகளாலும் முடிக்க இயலாது. அகார் 500 கிராமோ 62 லீற்றரோடு தீர்ந்துவிடும். ஆகவே உண்மையான செலவு அகாரிலும் அவிக்கும் எரிபொருளிலும் இருக்கிறது.

எங்கள் கணிப்பில் வருடத்துக்கு 60 லீற்றருக்குக் குறைவாகச் செய்பவர் (அது 3,000 போத்தல்) தயாரான பொதியை வாங்குவதே நல்லது. அப்போதும் ஒரு லீற்றர் அல்லது பத்து லீற்றர் பொதிகளாக வாங்குங்கள். பெரிய டப்பாவைத் திறந்து வைத்தால் நுவரெலியா மூடுபனி அதற்குள் புகுந்து தூள் கட்டியாகிவிடும். கட்டிபட்ட தூளில் 4.4 கிராம் நிறுத்தால் அதில் ஒரு பங்கு தண்ணீர்.

ஒரு உப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் ஆய்வு செய்வதென்றால் பொதி உதவாது. அப்போது தனித்தனி உப்புகள் கட்டாயம் வேண்டும். மிகச் சிறிய அளவில் தேவைப்படும் கோபால்ற்று, செப்பு, மொலிப்டேற்று மூன்றையும் பாடசாலை அல்லது பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் கேட்டு வாங்கப் பாருங்கள்.

2. கடிதங்களும் அனுமதியும்

அமோனியம் நைத்திரேற்று, பொற்றாசியம் நைத்திரேற்று இரண்டும் வெடிமருந்துக்கும் பயன்படக்கூடியவை. வெறுங்கையோடு கடைக்குப் போனால் கிடைக்காது. நிறுவனக் கடிதத்தாளில் நோக்கம், அளவு, பொறுப்பாளர், வைக்கும் இடம் நான்கையும் எழுதிக் கையொப்பத்தோடு கொண்டுபோங்கள். இதற்கு மேல் எந்த அனுமதி வேண்டும் என்று விற்பனையாளரிடம் முற்பணம் கட்ட முன்னரே எழுத்தில் கேளுங்கள். மற்ற உப்புகள் வந்து, இந்த இரண்டும் வராமல் கிடப்பதுதான் வழக்கமான தாமதம்.

வெளிநாட்டிலிருந்து நாற்று எடுப்பதென்றால், அது கண்ணாடிக் குழாய்க்குள் கிருமியில்லாமல் வந்தாலும் தாவரம்தான். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையின் இறக்குமதி அனுமதியை முதலில் எடுத்து, அதில் உள்ள நிபந்தனைகளை அனுப்புபவருக்குக் கொடுத்து, அந்த நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழோடு வரவழைக்க வேண்டும். இந்த ஒழுங்கு தலைகீழானால் பொதி துறைமுகத்திலேயே நின்றுவிடும். நாற்றையோ விதைக்கிழங்கையோ விற்க நினைப்பவர்கள் 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டத்தின் கீழ் பதிவைப் பற்றி விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிப்படுத்தல் பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்க நாற்றுக்கு வெளிநாடு தேவையில்லை. சீத்தா எலியவில் உள்ள விவசாய ஆராய்ச்சி நிலையம் கிழங்கு வேலையில் ஊறிய இடம், அங்கே விசாரியுங்கள். தோட்டத்தில் பிடுங்கிய கிரனோலா வகைக் கிழங்கின் முளையைக் கழுவி வைத்துத் தொடங்காதீர்கள். வெளித்தோலில் உள்ள கிருமி போகும். கலத்துக்குள் இருக்கும் வைரசு போகாது. பிறகு இலை சுருண்டால் அது வைரசா, உப்புக் குறைபாடா என்று உங்களால் பிரித்தறியவே முடியாது.

3. தண்ணீர்

ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் கல்சியம், மகனீசியம், இரும்பு கரைந்திருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் அளவு மாறும். காய்ச்சி வடித்த நீர் அல்லது அயன் நீக்கிய நீர் மட்டுமே பாவியுங்கள். கடையில் வாங்கும் பற்றரித் தண்ணீர் சிலவேளை நன்றாகவே இருக்கும். ஆனால் அமிலம் கலந்ததும் அதே அலுமாரியில், அதே நிறப் போத்தலில் நிற்கும். மின்கடத்துதிறன் மானியில் பார்க்காமல் ஊற்ற வேண்டாம். ஒரு லீற்றர் ஊடகத்துக்குக் கழுவும் நீரையும் சேர்த்து இரண்டு லீற்றர் எடுத்து வையுங்கள்.

4. ஐந்து ஸ்டொக் கரைசல்கள்

ஸ்டொக் என்பது செறிவாகக் கரைத்து வைத்து, வேண்டியபோது அளந்து ஊற்றும் கரைசல். 20 மடங்கு என்றால் ஊடகத்தில் இருக்க வேண்டியதைவிட 20 மடங்கு செறிவு. எல்லா உப்பையும் ஒரே போத்தலில் செறிவாகக் கரைக்க முடியாது. கல்சியம், பொசுபேற்றையும் சல்பேற்றையும் கண்டால் வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால்தான் ஐந்து போத்தல்.

முதலாவது, பேரளவு உப்பு, 20 மடங்கு, 1 லீற்றர்: அமோனியம் நைத்திரேற்று 33 கிராம், பொற்றாசியம் நைத்திரேற்று 38 கிராம், மகனீசியம் சல்பேற்று 7.4 கிராம், பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 3.4 கிராம். ஒரு லீற்றர் ஊடகத்துக்கு 50 மி.லீ.

இரண்டாவது, கல்சியம் குளோரைட்டு, 100 மடங்கு: 500 மி.லீற்றரில் 22 கிராம். லீற்றருக்கு 10 மி.லீ.

மூன்றாவது, நுண்ணுப்பு, 200 மடங்கு, 500 மி.லீ.: போரிக் அமிலம் 620 மில்லிகிராம், மங்கனீசு சல்பேற்று (ஒரு நீர் மூலக்கூறு உள்ளது) 1,690, நாக சல்பேற்று 860, பொற்றாசியம் அயடைட்டு 83, சோடியம் மொலிப்டேற்று 25, செப்பு சல்பேற்று 2.5, கோபால்ற்று குளோரைட்டு 2.5 மில்லிகிராம். லீற்றருக்கு 5 மி.லீ. கடைசி இரண்டையும் சாதாரணத் தராசில் நிறுக்க வராது. ஒவ்வொன்றிலும் 25 மில்லிகிராமை 100 மி.லீ. நீரில் கரைத்து, அதில் 10 மி.லீ. எடுத்து ஊற்றுங்கள். கையுறை போடுங்கள், கோபால்ற்று உப்பு நஞ்சு.

நான்காவது, இரும்பு, 200 மடங்கு, 500 மி.லீ.: பெரசு சல்பேற்று 2.78 கிராமையும் இருசோடியம் ஈ.டி.டி.ஏ. 3.73 கிராமையும் தனித்தனியே 200 மி.லீ. வெந்நீரில் கரைத்து, பிறகு ஒன்றாக்கிக் கலக்கி, ஆறவிட்டு அளவுக்குக் கொண்டு வாருங்கள். லீற்றருக்கு 5 மி.லீ. சரியாக வந்தால் தெளிந்த பொன்மஞ்சள் நிறம். கபில நிறப் போத்தலில், அதற்கு மேல் தகடும் சுற்றி வையுங்கள், ஏனெனில் வெளிச்சம் இந்தச் சேர்வையைச் சிதைக்கும். அடியில் துருப் போலப் படிந்திருந்தால் குலுக்கிப் பாவிக்க வேண்டாம், ஊற்றிவிடுங்கள்.

ஐந்தாவது, விற்றமின், 200 மடங்கு, 500 மி.லீ.: மயோ இனொசிற்றோல் 10 கிராம், கிளைசீன் 200 மில்லிகிராம், நிக்கொட்டினிக் அமிலம் 50, பிரிடொக்சின் 50, தயமின் 10 மில்லிகிராம். லீற்றருக்கு 5 மி.லீ. சிறு போத்தல்களில் 5 மி.லீ. வீதம் பிரித்து உறையவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் சில வாரங்களில் கலங்கல் தெரியும். இனொசிற்றோல் பூஞ்சணத்துக்கும் நல்ல சாப்பாடு.

இந்தப் படியில் ஆட்கள் விழும் குழி ஒன்றுதான்: உப்போடு ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறு. மேலே சொன்ன கல்சியம் குளோரைட்டு இரண்டு நீர் மூலக்கூறு உள்ளது, லீற்றருக்கு 440 மில்லிகிராம். கடைக்காரர் நீரற்றதைத் தந்தால் 332 போதும். மகனீசியம் சல்பேற்று ஏழு நீர் மூலக்கூறோடு 370, நீரற்றது 181. லேபலைப் பார்க்காமல் 370 போட்டால் இரட்டிப்பு மகனீசியம் போய், கல்சியமும் பொற்றாசியமும் கலத்துக்குள் நுழைவதை அது தடுக்கும். ஒவ்வொரு ஸ்டொக் போத்தலிலும் பெயர், மடங்கு, திகதி, எந்த வகை உப்பு, நிறுத்தவர் பெயர் எல்லாம் எழுதி ஒட்டுங்கள். உப்பு ஸ்டொக்குகளை இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

5. கலக்கும் ஒழுங்கு

ஒரு லீற்றர் பாத்திரத்தில் முதலில் 600 மி.லீ. நீர். பிறகு ஸ்டொக் ஒன்று முதல் ஐந்து வரை அதே வரிசையில், ஒவ்வொன்றையும் நன்றாகக் கலக்கிய பிறகே அடுத்தது. அதன்பின் 30 கிராம் சீனி (கடையில் வாங்கும் வெள்ளைச் சீனி பெருக்கத்துக்குப் போதும்). நீரை 1 லீற்றருக்குக் கொண்டு வந்து பி.எச். பெறுமானத்தை 5.8 ஆக்குங்கள். கூட்ட ஐதான பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, குறைக்க ஐதான ஐதரோகுளோரிக் அமிலம், துளித்துளியாக. கடைசியாக 8 கிராம் அகார் போட்டுச் சூடாக்கிக் கரைத்து, போத்தலுக்கு 20 மி.லீ. வீதம் ஊற்றி மூடுங்கள்.

அகார் போட்ட பிறகு பி.எச். பார்த்தால் மின்வாயில் பசை ஒட்டி அளவீடு பிழைக்கும். பி.எச். 5 க்குக் கீழே போனால் அகார் கூழாகவே நிற்கும். 6 ஐத் தாண்டினால் இரும்பும் பொசுபேற்றும் படியத் தொடங்கும்.

வட்டிலாப்பத்துக்குப் பக்கத்தில் மேசைக்கு வரும் அதே கடற்பாசியும் இறுகும், மலிவும்கூட. நாற்றைப் பெருக்க மட்டும் என்றால் தாராளமாகப் பாவிக்கலாம். உப்புக் குறைபாட்டு ஆய்வுக்கு உதவாது, ஏனென்றால் கடற்பாசியிலேயே கல்சியமும் மகனீசியமும் இருக்கின்றன.

6. அவித்தல்: மலையகத்துக்கென்று ஒரு கணக்கு

ஊடகத்தில் உள்ள கிருமியைக் கொல்லத்தான் அவிக்கிறோம். எல்லாக் கையேட்டிலும் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம், 121 பாகை, 15 முதல் 20 நிமிடம் என்று இருக்கும். அது கடற்கரை மட்டத்துக் கணக்கு. மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அமுக்கத்தை. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வெளிக்காற்றே இளைத்தது. தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கிறது. அங்கே மானி 15 காட்டும்போது உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 118 பாகைதான். வெப்பம் தாங்கும் பற்றீரியா வித்திகள் பிழைத்து, ஐந்தாம் நாள் பாலாடை போல ஊடகத்தின் மேல் படரும்.

121 பாகை வேண்டுமென்றால் நுவரெலியாவில் 18 இறாத்தல், ஹட்டன், பண்டாரவளையில் 17, கண்டியில் 16. அமுக்கத்தைக் கூட்ட முடியாத வீட்டுப் பிரஷர் குக்கர் என்றால் நுவரெலியாவில் 30 முதல் 35 நிமிடம் வையுங்கள். ஆவி பலமாக வரத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்தே நிறையைப் போடுங்கள். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் அமுக்கம் ஏறும், வெப்பம் ஏறாது.

நேரத்தைக் கண்டபடி கூட்டவும் வேண்டாம். நீண்ட நேரம் வெந்தால் சீனி சிதைந்து ஊடகம் தேன் நிறமாகும், பி.எச். இறங்கும், அகார் இளகும். தயமின் 5.8 பி.எச். அளவில் ஒரு தடவை அவித்தலைத் தாங்கும். மீதியான ஊடகத்தை உருக்கி மறுபடி அவித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கணிக்க முடியாது.

கிழங்குக்கு வழக்கமாகச் சேர்க்கும் இரண்டு பொருள்கள் வெப்பத்துக்கு ஆகாதவை: கல்சியம் பந்தொதெனேற்று என்ற விற்றமின், லீற்றருக்கு 2 மில்லிகிராம்; ஜிபரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஓமோன், லீற்றருக்கு 0.1 மில்லிகிராம். இவற்றை 0.22 மைக்ரோமீற்றர் ஊசிவடியால் (ஊசிக்குழாயில் பொருத்தும் வடியால்) வடித்து, ஊடகம் கையால் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு, அதாவது 50 பாகையளவுக்கு ஆறிய பிறகு, கிருமியற்ற இடத்தில் சேருங்கள். இவை சேர்ப்பதானால் ஊடகத்தைப் பெரிய குடுவையிலேயே அவித்து, வெறும் போத்தல்களை மூடியோடு தனியாக அவித்து, பிறகு ஊற்ற வேண்டும். ஊற்றிய போத்தல்களை ஐந்து முதல் ஏழு நாள் வெறுமனே வைத்துப் பாருங்கள். அவசரப்பட்டு மறுநாளே செடி வைத்தால், வரும் பூஞ்சணம் ஊடகத்திலிருந்தா கத்தியிலிருந்தா என்று தெரியாது.

7. கணு வைத்தல்

ஒரு கணுவும் ஒரு இலையும் உள்ள துண்டு, போத்தலுக்கு ஐந்து, கணு மேலே இருக்கும்படி. 16 மணித்தியால வெளிச்சம், 20 முதல் 24 பாகை. நுவரெலியாவில் குளிரூட்டி தேவையில்லை. இரவுக் குளிரில் வளர்ச்சி பிந்தும் என்பதைக் கணக்கில் எடுங்கள். மற்ற இடங்களில் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டலாம். ஒரு செடி ஐந்து கணு தந்தால், நான்கு தடவை வெட்டி முடிய 625.

8. இலையைப் பார்த்து உப்பைக் கண்டுபிடித்தல்

முதல் கேள்வி: பழைய இலையா, புது இலையா? நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் நான்கையும் செடி கீழ் இலையிலிருந்து உருவி மேலே அனுப்பும். ஆகவே குறை கீழே தெரியும். இரும்பு, கல்சியம், போரன் மூன்றும் போன இடத்திலேயே நின்றுவிடும். குறை நுனியில் தெரியும்.

கீழ் இலை முழுதும் வெளிறினால் நைதரசன். கீழ் இலையில் நரம்பு பச்சையாக, இடைவெளி மஞ்சளாக இருந்தால் மகனீசியம். அதே கோலம் புது இலையில் இருந்தால் இரும்பு. உங்கள் நான்காம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள்.

கிழங்கில் அடிக்கடி வருவது நுனி கருகல். செடி நன்றாக உயர்ந்து, இலை பச்சையாக இருக்கும். உச்சியில் இரண்டு மில்லிமீற்றர் மட்டும் எரிந்த தீக்குச்சி போலக் கறுத்திருக்கும். சில நாளில் கீழ்க் கணுக்களிலிருந்து பக்கக் கிளை கிளம்பும். இது கல்சியக் குறை. ஆனால் ஊடகத்தில் கல்சியம் போதியளவு இருந்தும் இது வரும். கல்சியம் தண்ணீர் ஓட்டத்தோடு மட்டுமே மேலே ஏறும். இலை நீராவியை விட்டால்தான் ஓட்டம் இருக்கும். மூடியை இறுக்கிப் பட்டி சுற்றிய போத்தலுக்குள் காற்று நனைந்து நிற்பதால் ஓட்டம் நின்று, கடைசியில் உள்ள நுனிக்கு எதுவும் போகாது. முதலில் மூடியில் சிறு துளையிட்டு, காற்றுப் புகும் மருத்துவப் பட்டியை ஒட்டிப் பாருங்கள். அடுத்த சுற்றிலும் வந்தால் மட்டும் கல்சியம் குளோரைட்டை 660 மில்லிகிராமுக்குக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இலை கண்ணாடி போல ஊடுதெரிந்து, தொட்டால் நொறுங்கினால் அது நீர்கோத்த நிலை. அதிக ஈரம், இளகிய அகார், கூடிய அமோனியம் மூன்றும் அதற்குக் காரணம். எம்.எஸ். ஊடகத்தில் லீற்றருக்கு 60 மில்லிமூல் நைதரசன். அதில் மூன்றில் ஒரு பங்கு அமோனியம், மிச்சம் நைத்திரேற்று. அமோனியத்தை எடுக்கும்போது வேர் ஊடகத்தை அமிலமாக்கும், நைத்திரேற்றை எடுக்கும்போது எதிர்ப்பக்கம் இழுக்கும். அமோனியம் நைத்திரேற்று கிடைக்கவில்லை என்று பொற்றாசியம் நைத்திரேற்றை மட்டும் கூட்டிப் போடுபவர்களுக்கு இந்தச் சமநிலை குலைந்து, பி.எச். ஏறி, இரும்பு கிடைக்காமல் புது இலை மஞ்சளிக்கும். பார்ப்பவர் இரும்பைக் கூட்டுவார்; நோய் இருப்பது நைதரசனில்.

ஒரு தட்டில் உள்ள போத்தல்கள் மட்டும் வெளிறினால் உப்பைச் சந்தேகிக்க முன் விளக்கைப் பாருங்கள். குழல்விளக்கின் இரு முனைகளிலும் வெளிச்சம் குறைவு.

9. விற்றமின் வேலை செய்கிறதா என்று பார்ப்பது

பச்சைத் தண்டும் இலையும் உள்ள செடி தனக்கு வேண்டிய விற்றமினில் பெரும்பங்கைத் தானே செய்துகொள்ளும். இலையில்லாத கலக்கட்டிக்கு அந்த வசதி குறைவு. அதற்குத் தயமின்தான் முதல் தேவை. ஆகவே கணுத்துண்டில் நிக்கொட்டினிக் அமிலத்தைச் சேர்க்காமல் விட்டு ஒரு மாற்றமும் காணவில்லை என்றால் அது ஆய்வின் தோல்வி ஆகாது.

முதற்சுற்றில் எந்த விற்றமினை நிறுத்தினாலும் ஒன்றும் தெரியாது, ஏனெனில் துண்டின் கலங்களுக்குள் முந்திய ஊடகத்தின் சேமிப்பு இருக்கிறது. அதே குறையூடகத்தில் மூன்று சுற்று தொடர்ந்து வெட்டி வைத்தால்தான் சேமிப்பு தீரும். கல்சியம் பந்தொதெனேற்றோடு 10 போத்தல், இல்லாமல் 10 போத்தல், போத்தலுக்கு 3 துண்டு என்று வையுங்கள். சுற்றுக்கு 400 மி.லீ. ஊடகம், மூன்று சுற்றுக்கு 1.2 லீற்றர், 12 வாரம். ஊடகம் அவித்துப் பார்க்கும் வாரங்களையும் பூஞ்சணத்துக்குப் போகும் போத்தல்களையும் சேர்த்தால் நான்கு மாதம். பாடசாலைச் செயற்றிட்டத்துக்குக் கடைசித் தவணையில் தொடங்கினால் முடியாது.

துண்டு எடுக்கும்போது நுனியையும் அடிக்கணுவையும் விட்டு, மேலிருந்து இரண்டாம், மூன்றாம் கணுக்களை மட்டும் எடுங்கள். இரண்டு வகைப் போத்தலையும் தட்டில் கலந்து வைத்து, வாரம் ஒரு தடவை இடம் மாற்றுங்கள். நான்காம் வாரக் கடைசியில் உயரம், கணு எண்ணிக்கை, வேர் எண்ணிக்கை, ஈரநிறை நான்கையும் ஒரே நாளில் எடுங்கள். நிறுக்க முன் வேரில் ஒட்டிய அகாரை இளஞ்சூட்டு நீரில் கழுவி, வடிதாளில் ஒற்றுங்கள். அரைக் கிராம் செடியில் ஒட்டியிருக்கும் பட்டாணியளவு அகார், விற்றமின் காட்டக்கூடிய வித்தியாசத்தையே மறைத்துவிடும்.